சேலை கட்டி ஏறிக் காட்டு

அந்த அம்மாளை மல்லேஸ்வரத்தில் ஒரு வாகன ஷோரூமில் பார்த்தேன். ஐம்பது வயது இருக்கும். சமையல் கான்ட்ராக்ட் எடுப்பவர். பாத்திரங்களையும் சமையல்காரப் பெண்களையும் தினமும் தானே ஏற்றிச் செல்ல ஒரு பிக்கப் தேடி வந்திருந்தார். எதைக் கேட்டாலும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுத்தான் பதில் சொன்னார்.

விற்பனையாளர் தாழ்வான சாதா மாடலை விட்டுவிட்டு, கரடுமுரடான பாதைக்கான உயரமான ஆஃப் ரோடு மாடலையே புகழ்ந்துகொண்டிருந்தார். கூட வந்த தம்பியும் அதையே பிடித்துக்கொண்டார். "அக்கா, சாதா மாடல் எடுத்தா ஏரியால கிண்டல் பண்ணுவாங்க."

அந்த அம்மாள் தன்னோடு வந்திருந்த சமையல்காரப் பெண்ணை அந்த உயரமான வண்டியின் பின் சீட்டில் ஏறச் சொன்னார். சேலையில் முழங்கால் அவ்வளவு உயரம் எழவில்லை. அந்தப் பெண் கதவைப் பிடித்தபடியே நின்றுவிட்டார்.

"போகப் போகப் பழகிடும் மேடம்," என்றார் விற்பனையாளர்.

அம்மாள் கண்ணாடியைத் துடைத்தார். "டெய்லி நாலு தடவ ஏறி இறங்கணும். ஒரு சேலை தரேன், நீ கட்டிக்கிட்டு ஏறிக் காட்டுப்பா."

"ஃப்ரீயா ஃபுட்போர்டு போட்டுத் தரேன் மேடம்."

"படி வெச்சு ஏத்துற வண்டி வேணாம். அந்தச் சாதாவையே புக் பண்ணு."

தம்பி முகத்தைத் திருப்பிக்கொண்டார். கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியேறும்போது அந்த அம்மாள் உயரமான சிவப்பு வண்டியின் அருகே நின்று, அதன் பானட்டை ஒருமுறை தடவிக் கொடுத்தார். அவருக்கும் அதுதான் பிடித்திருந்தது என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.