மூன்றாம் பெஞ்சில் ஒரு நர்ஸ்

அந்த ஸ்டேஷனில் காலை எட்டு மணி வண்டி போனால் அடுத்தது பதினொன்றே காலுக்குத்தான். நகரத்தின் நடுவில் இருந்தும் யாருக்கும் அதன் நினைப்பே வராது. பிளாட்பாரத்து மரங்கள் தண்டவாளத்தின் மேல் கவிந்து, உள்ளே விழும் வெயிலே பச்சையாக இருக்கும்.

இரவு டியூட்டி முடிந்த நர்ஸ் ஒருத்தி தினமும் அங்கே இறங்குவாள். வீடு பத்து நிமிட நடைதான். ஆனால் ஒரே அறை. மாமியார், கொழுந்தன், ஓர்ப்படி, அவர்களுடைய மூன்று பிள்ளைகள், போதாததற்கு ஓர்ப்படியின் ஓயாத தையல் மெஷின். ஒருநாள் சற்று உட்கார்ந்துவிட்டுப் போகலாமென்று மூன்றாம் பெஞ்சில் சாய்ந்தவள், அடுத்த வண்டிச் சத்தத்தில்தான் விழித்தாள். அப்புறம் அதுவே பழக்கமாகிவிட்டது.

ஸ்டேஷன் மாஸ்டர் கறாரான மனிதர். "இது என்ன உங்க வீட்டுக் கூடமாம்மா?" என்று எழுப்பினார்.

"வீட்ல கூடம் இருந்தா இங்க ஏன் சார் வரேன்?" என்றாள், கண்ணைத் திறக்காமலே.

அவர் திரும்பிப் போனார். மறுநாள் அந்தப் பெஞ்சுக்கு மேலிருந்த ஒலிபெருக்கியின் ஒயரை அவரே கழற்றிவிட்டார். தூங்குகிறவள் மேல் பூக்கள் உதிர்ந்துகொண்டிருக்கும். ஆஸ்பத்திரியும் வீடும் தண்ணீருக்கு அடியில் கிடப்பதுபோல எங்கோ போய்விடும்.

வீட்டில் அவள் சொல்லியிருந்தது, முற்பகலிலும் வேலை என்று. எலக்ட்ரீஷியனான கணவன், அவள் மறந்துவிட்ட மூக்குக் கண்ணாடியைக் கொடுக்க ஒருநாள் ஆஸ்பத்திரிக்குப் போனான். "அவங்க ஏழரைக்கே கிளம்பிடுவாங்களே" என்றார் வாட்ச்மேன். கண்ணாடியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு திரும்பினான். அடுத்த நாள் அவள் ஏறிய வண்டியிலேயே, வேறு பெட்டியில் ஏறி வந்தான்.

அவள் செருப்பைக் கழற்றினாள். பையைத் தலைக்கு வைத்தாள். தூங்கிப்போனாள். தூணுக்குப் பின்னால் அரைமணி நேரம் நின்றான். யாரும் வரவில்லை. மாஸ்டர்தான் வந்தார்.

"யாருப்பா நீ?"

"அவ புருஷன் சார்."

"அப்ப மெதுவாப் பேசு."

பெஞ்சின் மறுகோடியில் உட்கார்ந்தான். கல்யாணமாகி நான்கு வருஷத்தில் அவள் முகம் இப்படி இளகி அவன் பார்த்ததில்லை. விழித்தவள் அவனைக் கண்டு திகைத்தாள்.

"எங்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா, எனக்காக எல்லாரும் வாயை மூடிக்கிட்டு உக்காந்திருக்கணும். பாவம், அவங்க எங்க போவாங்க?"

இரண்டு மாதத்தில் ஸ்டேஷனுக்குப் பின்தெருவில் ஒரு மாடி அறையைப் பிடித்தான். "பொண்டாட்டி தூங்குறதுக்குத் தனிக்குடித்தனமா?" என்று மாமியார் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, சும்மா பார்த்துவிட்டுப் போக வந்தவள், மருமகளுக்குப் பக்கத்தில் படுத்து சாயங்காலம்வரை அசந்து தூங்கினாள். அடுத்த வாரம் தலையணையோடு வந்தாள்.