உச்சிவரை ஒட்டியிருந்த சிப்பிகள்

தேங்காய்ப்பட்டணத்துக் கட்டுமரத்தில் வளர்ந்த நான் சில வருடம் சரக்குக் கப்பலில் வேலை பார்த்தேன். கப்பல் ஹாங்காங்கில் பழுதுக்கு நின்றபோது, கூட்டாளி மரியானோடு பக்கத்துத் தீவொன்றைப் பார்க்கப் போனேன். பச்சைக் குன்று, பால்போல் கடல், கூப்பிட்டால் குன்றே பதில் சொல்லும் அமைதி. எங்களைப் படகு வலித்துக் கொண்டுவிட்டவள் ஒரு பெண்.

கரையிலிருந்து ஒரு பாறைவரை மணல் வழி தெரிந்தது. நடந்தேன். அவள் கூவி, பாறையின் உச்சிவரை ஒட்டியிருந்த சிப்பிகளைக் காட்டினாள்.

“ஏலே, அவ என்னவோ சொல்லுகா. திரும்பி வா!” என்றான் மரியான்.

“பொம்பளைக்குக் கடலப் பத்தி என்னம்ல தெரியும்?”

எங்கள் கரையில் பெண்கள் மீன் விற்பார்கள்; கடலுக்குப் போகமாட்டார்கள். சிப்பி ஒட்டிய இடம்வரை தண்ணீர் வரும் என்பது எனக்குத் தெரியாதா? காட்டியவள் பெண் என்பதால் பார்க்கவில்லை. உச்சியில் படுத்துக் கண்ணயர்ந்தேன்.

எங்கள் கடல் முழங்கால் அளவு ஏறும். அந்தக் கடல் ஆளுயரத்துக்கு மேல் ஏறியது. உடம்பு நனைந்து விழித்தபோது மணல் வழி மூழ்கியிருந்தது; எழுந்து கூவிக்கொண்டே நின்றதில் இடுப்புவரை தண்ணீர். நீந்த முடியாத இழுப்பு. மாதாவைக் கூப்பிட்டேன். படகுக்காரிதான் வந்தாள். முடியைப் பிடித்துப் படகில் இழுத்துப்போட்டு, கரை சேரும்வரை திட்டினாள்.

“பாஷ தெரியாட்டியும் நல்லா ஏச்சு வாங்குக மக்கா!” என்று மரியான் சிரித்தான்.

ஊர் திரும்பியதும் என் மனைவி திரேசாளைக் கட்டுமரத்தில் ஏற்றித் துடுப்பைக் கொடுத்தேன். “பொம்பள கால் வச்சா மீன் படாது” என்று கரையே கூச்சலிட்டது. இன்றும் இடுகிறது. இடட்டும். நாங்கள் தினமும் போகிறோம். அவள் திரும்பச் சொன்னால் மரத்தைத் திருப்புகிறேன். கரை சொன்னால் திருப்பமாட்டேன்.