மூலையில் மினுங்கும் இரட்டைப் படம்

எங்கள் தொழிலில் கம்ப்யூட்டரைச் சரிசெய்ய அரை மணி நேரம் போதும். அது கெடவே இல்லை என்று வீட்டுக்காரரை நம்பவைக்கத்தான் அரை நாள் ஆகும். இதே பிழைப்பில் காலம் தள்ளியவர்களுக்கு இது புரியும்.

தொண்ணூறுகளின் கடைசியில் திருநெல்வேலி ஜங்ஷனில் ஒரு கடையில் சர்வீஸ் ஆளாக இருந்தேன். அப்போது இன்டர்நெட் டெலிபோன் வயரில்தான் வரும். திரையில் இருக்கும் டயல் படத்தை அமுக்கினால் மோடம் கீச்கீச்சென்று கத்தும். லைன் கிடைத்துவிட்டால் வலது கீழ் மூலையில் இரண்டு குட்டிக் கம்ப்யூட்டர்கள் மினுங்கும். இந்தப் படங்களில் எதைக் காணோம் என்றாலும் கடைக்கு ஆள் வந்துவிடும்.

வயர் இல்லாத வீடு

ராதாபுரத்தில் ஒரு வாத்தியார் பழைய கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கியிருந்தார். கடையில் பார்த்தபோது இருந்த டயல் படம் வீட்டுக்கு வந்ததும் காணாமல் போய்விட்டதாம். பஸ் ஏறி, வெயிலில் காய்ந்து போய்ச் சேர்ந்தேன். மோடத்தில் சொருக டெலிபோன் வயர் எங்கே என்று கேட்டேன். வீட்டில் டெலிபோனே கிடையாது.

“போனுக்கு எழுதிப் போட்டிருக்கேன், அது பைய வரட்டும். நீரு மொதல்ல படத்தைப் போடும் வே!”

நாலு மூலைச் சந்தனம்

தச்சநல்லூரில் ஓய்வுபெற்ற தாசில்தார் ஒருவர் இருந்தார். அவர் மகன் கல்யாணம் முடிந்த இருபதாம் நாளே அமெரிக்காவுக்கு வேலைக்குப் போய்விட்டான். மருமகள் செல்வி விசாவுக்குக் காத்துக்கொண்டு மாமனார் வீட்டில் இருந்தாள். போன் பேசினால் காசு பறக்கும் என்பதால், புருஷனுக்கும் அவளுக்கும் நடுவில் இருந்தது வாரம் ஒரு ஈமெயில்தான்.

ஆயுதபூஜைக்கு மறுநாள் தாசில்தார் போன் செய்தார். மோடம் கத்துகிறது, மூலையில் மினுங்கும் படம் மட்டும் வரவில்லை என்றார். போய்ப் பார்த்தேன். திரைக் கண்ணாடியின் நாலு மூலையிலும் சந்தனத்தை அப்பி, நடுவில் குங்குமம் வைத்திருந்தார்கள். கீழ் மூலையில் கடிகாரமும் சேர்ந்து மறைந்திருந்தது. அதை யாரும் தேடவில்லை. ஈரத்துணியால் துடைத்தேன், படம் வந்துவிட்டது. தாசில்தாருக்குத்தான் முகம் சரியில்லை.

“பூஜைப் பொட்டை அழிச்சிட்டீரே வே, இனி இதுக்கு எது வந்தாலும் நீருதான் பொறுப்பு.”

ஞாயிற்றுக்கிழமைக் கோளாறு

அந்த வீட்டில் கடிதம் என்றால் எல்லோருக்கும் சத்தமாக வாசித்துக் காட்டுவது வழக்கம். ஈமெயில் வந்தபிறகும் அது மாறவில்லை. ஞாயிறு காலை தாசில்தார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்காருவார். மகன் இங்கிலீஷ் எழுத்தில் அடித்த தமிழை எழுத்துக்கூட்டிப் படிப்பார். ஒருநாள் நானும் அங்கே மாட்டிக்கொண்டேன். “செல்வி, ராத்திரி எல்லாம் உன் நினைப்பாவே இருக்கு” என்பதைத் தாலுகா ஆபீஸ் உத்தரவு மாதிரி அவர் வாசித்தார். பக்கத்து வீட்டுக்காரர் தலையை ஆட்டினார். செல்வி எழுந்து அடுக்களைக்குள் போய்விட்டாள். எனக்கே எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

அடுத்த ஞாயிறு டயல் படத்தைக் காணோம். புதிதாக ஒன்று போட்டுக்கொடுத்தேன். அதற்கடுத்த ஞாயிறும் காணோம். மூன்றாம் வாரம், வைரஸாக இருக்கலாம் என்று பொதுவாகச் சொல்லிவைத்தேன். தாசில்தார் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“ஞாயித்துக்கிழமை மட்டும் வாற வைரஸ் எங்கயாவது உண்டுமா வே?”

கேசரிக்குள் கிடந்த படம்

எனக்கும் ரோஷம் வந்துவிட்டது. ஒரு செவ்வாய்க்கிழமை போய் ஒவ்வொரு ஃபோல்டராகத் திறந்தேன். ‘சமையல் குறிப்பு’ என்ற ஃபோல்டருக்குள் கேசரிக்குப் பக்கத்தில் டயல் படங்கள் மூன்றும் வரிசையாகக் கிடந்தன. தாசில்தார் வாசலில் சிலிண்டர் கொண்டுவந்த கேஸ்காரரோடு வாதாடிக்கொண்டிருந்தார். காபி கொண்டுவந்த செல்வி திரையைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள்.

“நாந்தான் அண்ணாச்சி தூக்கி வச்சேன்” என்றாள். “ஒரு தடவையாவது மாமா வெளிய போற நேரம் பாத்து அவுக கடுதாசிய நான் மொதல்ல படிக்கணும்னுதான். பதில் எழுதினா அதையும் மாமா வாசிச்சிருவாக, அதனால மூணு மாசமா ஒரு வரி எழுதல. அவுக எம்மேல கோவமான்னு கேக்காக.”

மூன்று முறை வந்து வைரஸ் தேடிய என்மேல்தான் எனக்குக் கோபம் வந்தது. அவள் பெயரில் தனி ஈமெயில் முகவரி ஒன்று திறந்து, பாஸ்வேர்டை அவளையே அடிக்கச் சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். “புது முகவரியை அவருக்கு எழுதிருங்க” என்றேன். உட்கார்ந்து நாலு வரி அடித்து அனுப்பினாள். டயல் படத்தைப் பழைய இடத்திலேயே வைத்தேன். கேஸ்காரரை அனுப்பிவிட்டு வந்த தாசில்தாரிடம், கோளாறு தீர்ந்தது, இனி படம் எங்கேயும் போகாது என்று உறுதி சொன்னேன்.

படம் போகவில்லை. ஆனால் இரண்டு ஞாயிறு கழித்து அவரே கடைக்கு வந்துவிட்டார்.

“படமெல்லாம் அங்கனயேதான் இருக்கு வே. ரெண்டு பக்கம் வாற கடுதாசி இப்ப ‘நலம், நலமறிய ஆவல்’னு நாலு வரியோட நிக்கி. எந்த ஸ்குரூவை முறுக்கித் தொலைச்சீரு?”

பார்க்கிறேன் என்று சொல்லி அனுப்பிவைத்தேன். என் சர்வீஸில் நான் கடைசிவரை போய்ப் பார்க்காத கம்ப்ளெயின்ட் அது ஒன்றுதான்.