சுவரில் தொங்கிய மீட்டர்

என் மனைவியைத் தெருவில் எல்லோரும் ‘மீட்டரம்மா’ என்றுதான் கூப்பிடுவார்கள். காரில் ஸ்டியரிங்குக்குப் பின்னால் வேகம், பெட்ரோல், ஓடிய கிலோமீட்டர் எல்லாம் காட்டும் மீட்டர் இருக்கிறதே, அதைப் பழுது பார்ப்பவள் அவள். பிழைக்காது என்று தெரிந்தால் பழைய வண்டியிலிருந்து கழற்றிய இன்னொன்றை மாட்டுவாள். மாட்டினால் மட்டும் போதாது. வந்த மீட்டர் தன் பழைய வண்டி ஓடிய எண்ணைத்தான் காட்டும். இந்த வண்டி எவ்வளவு ஓடியது என்று வண்டியின் கம்ப்யூட்டரில் படித்து, அந்த எண்ணை ஏற்ற வேண்டும். பிறகு கதவோரம் ஒரு ஸ்டிக்கர்: மீட்டர் காட்டியது, உண்மையில் ஓடியது, வண்டியைக் கொண்டுவந்தவர் கையெழுத்து. கையெழுத்து இல்லாமல் சாவி கிடையாது. பெத்த அப்பனே வந்தாலும் கிடையாது.

இந்தக் கறார் அவளுக்குப் பிறவியில் வந்ததல்ல. பதினோரு வருடத்துக்கு முன் அவள் தையல்காரி, நான் சொந்த வேனுக்கு ஆசைப்பட்ட டிரைவர். எதையும் பாலிஷ் போட்டே விற்பதால் ‘பளபளப்பு’ என்று பேர் வாங்கிய ஒரு தரகர், நாற்பத்திரண்டாயிரம்தான் ஓடியிருக்கிறது என்று ஒரு வேனை எங்கள் தலையில் கட்டினார். லட்சம் கிலோமீட்டரில் மாற்ற வேண்டிய எஞ்சின் பெல்ட்டை நாங்கள் ஏன் நினைக்கப் போகிறோம்? ஏழாவது மாதம் நடுரோட்டில் அது அறுந்து வண்டி நின்றது. பின்னால் வந்த லாரி நிற்கவில்லை. என் இடது கால் முழங்காலோடு போனது. வேன் ஓடியது ஒரு லட்சத்து முப்பத்தோராயிரம் என்று அப்புறம்தான் தெரிந்தது.

அவள் தரகரிடம் போய் நியாயம் கேட்டாள். அந்த மனிதர் நாற்காலியை விட்டுக்கூட எழுந்திருக்கவில்லை.

“மீட்டர்ல இருந்ததைத்தாம்மா நான் சொன்னேன். மீட்டர் பொய் சொன்னா நான் என்ன பண்ணுவேன்?”

அன்று அவள் அழவில்லை. அழுதிருந்தால் ஆறியிருக்கும். வேனிலிருந்து அந்த மீட்டரைக் கழற்றி வந்து, கறுவிக்கொண்டே இந்தத் தொழிலைக் கற்றாள். பட்டறை வைத்ததும் அந்த மீட்டரில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டி, இரண்டு எண்களையும் எழுதி, கையெழுத்து இடத்தைக் காலியாக விட்டு, மேஜைக்கு மேலே ஆணியில் மாட்டினாள்.

போன மாதம் பளபளப்பே வந்தார். எங்களை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. அடித்தவனுக்கு எங்கே ஞாபகம் இருக்கும், அடி வாங்கியவனுக்கல்லவா இருக்கும்!

“பொண்ணு வேலைக்குப் போய்வர வாங்கின காரும்மா. மீட்டர் செத்துப்போச்சு. முப்பத்தோராயிரம்தான் ஓடியிருக்கு, அதையே ஏத்திடுங்க.” சொல்லிவிட்டுப் போனார்.

அவள் லேப்டாப்பைச் செருகினாள். காரின் கம்ப்யூட்டர் சொன்னது: ஒரு லட்சத்து எண்பத்து நாலாயிரம். எத்தனுக்கு எத்தன் இருக்கத்தான் செய்கிறான்! பெல்ட்டை யாரும் தொட்ட அடையாளமே இல்லை.

“அவன் கேட்டதையே ஏத்திக் குடு. நாளைக்கு ஏதாவது ஆனா, மீட்டர்ல இருந்ததைத்தான் சொன்னோம்னு சொல்லிக்கலாம்” என்றேன். வாய் கூசாமல்தான் சொன்னேன். அவளும் உடனே மறுக்கவில்லை. கீபோர்டின் மேல் கையை வைத்தபடி அந்தக் காரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஓட்டப்போறது அவன் இல்லீங்களே” என்றாள் கடைசியில்.

சாயந்திரம் அப்பாவும் மகளும் வந்தார்கள். சாவியைத் திருப்பியதும் புது மீட்டரில் ஒரு லட்சத்து எண்பத்து நாலாயிரம் எரிந்தது.

“என்னம்மா ஏத்தி வச்சிருக்க? யாரை ஏமாத்தப் பாக்கற?”

“மீட்டர்ல இருக்கிறதைத்தான் சார் சொல்றேன்.”

நான் ஊன்றுகோலை ஊன்றி எழுந்தேன். அவர் பார்வை என் காலுக்கு வந்தது, அங்கிருந்து சுவரில் தொங்கிய வேன் மீட்டருக்குப் போனது. முகத்தில் ஈயாடவில்லை.

என் மனைவி அவருடைய மகளிடம் திரும்பினாள். “பெல்ட் மாத்தாம இதை எடுக்காதம்மா. எடுத்தா என்ன ஆகும்னு என் வீட்டுக்காரரைப் பாரு.” வேன் கதையை ஒன்றுவிடாமல் சொன்னாள்.

“நீங்களாப்பா?” என்றது பெண்.

“தொழில்ல எல்லாரும் பண்றதுதாம்மா…”

என் மனைவி ஆணியிலிருந்து பழைய மீட்டரை எடுத்துத் துடைத்து, பேனாவோடு அவர் முன் வைத்தாள். “இதுல ஒரு கையெழுத்து விட்டுப்போச்சு சார். போட்டாத்தான் சாவி.”

“செத்த பாம்பை எதுக்கும்மா அடிக்கிற?”

“போடுங்கப்பா” என்றது மகள், அவர் முகத்தைப் பார்க்காமலே.

குனிந்து போட்டார். எனக்குப் பார்க்கப் பார்க்க ஆசையாக இருந்தது.

சாவியை என் மனைவி அவருடைய மகள் கையில்தான் கொடுத்தாள். அந்தப் பெண் காரைப் பட்டறையிலேயே விட்டுவிட்டு, மெக்கானிக்கை அனுப்புவதாகச் சொல்லி பஸ் நிறுத்தத்தை நோக்கி நடந்தாள். அவர் பின்னாலேயே கூப்பிட்டுக்கொண்டு போனார். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

“வயிறு குளிர்ந்துச்சா?” என்றேன்.

மீட்டரைத் திரும்ப ஆணியில் மாட்டினாள். “கால் வரலையே.”

கொஞ்ச நேரம் அந்தக் கையெழுத்தையே பார்த்தாள். “ஆனா குளிர்ந்துதாங்க இருக்கு” என்றாள்.