ஜிபார் சொன்ன அம்மா

திறந்திருக்கும் கதவைத்தான் ஜிபார் தட்டுகிறாள். விரல் கணுவால் மெல்ல இரண்டு தட்டு. பிறகு உள்ளிருந்து குரல் வரும்வரை, கையில் பால் டீ ஆறிக்கொண்டிருக்க, வாசலிலேயே நிற்பாள். உள்ளே இருப்பது ஐந்து வயதுப் பொடியனாக இருந்தாலும் சரி, அவன் ‘வாங்க’ என்று சொன்னால்தான் அவள் கால் உள்ளே போகும்.

“கதவு தட்டியே உனக்குப் பாதி நாள் போயிடுதுடி,” என்பாள் சமையல்கார சாகின்.

“அது அவங்க ரூம். நான் வேலைக்கு வந்தவதானே?”

இசிக்-குல் ஏரியின் தென்கரையில், ஆப்ரிகாட் தோப்புக்குள் இருக்கிறது அந்த விடுதி. அப்பா அம்மா ரஷ்யாவுக்கு வேலைக்குப் போய்விட, வேறு போக்கிடம் இல்லாத பிள்ளைகள் அங்கே வளர்கிறார்கள். அவர்களைக் குளிப்பாட்டி, பாடம் சொல்லி, சண்டை விலக்கித் தூங்க வைப்பது ஜிபாரின் வேலை. வயது ஐம்பதை நெருங்குகிறது. எப்போதும் இப்போதுதான் தூங்கி எழுந்தவள்போலப் பேசுவாள். உருளைக்கிழங்கு சீவ உட்கார்ந்தால், தண்ணீரில் தலைகீழாக மிதக்கும் பனிமலையைப் பார்த்தபடியே சீவிக்கொண்டிருப்பாள். கிழங்கு கோலிக்குண்டாகிவிடும்.

“இன்னிக்கு மலைக்குத்தான் சோறா?” என்று சாகின் கத்தியைப் பிடுங்கிக்கொள்வாள்.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் ஜிபார் கறார். எந்தக் குழந்தையும் அவளை அம்மா என்று கூப்பிடக் கூடாது. செஸிம் மூன்று வயதில் அங்கே வந்தவள். தூக்கக் கலக்கத்தில் அவள் அப்படிக் கூப்பிடும்போதெல்லாம், “நான் அக்கா. அம்மா மாஸ்கோவுல இருக்காங்க,” என்று திருத்துவாள்.

“அம்மா எப்படி இருப்பாங்க?”

செஸிமின் அம்மா குல்ஸாத்தை ஜிபார் ஒரே ஒருமுறை பார்த்திருந்தாள். பிள்ளையை விட்டுப்போன அன்று, ஒரு டீ குடிக்கும் நேரம். சாம்பல் நிறச் சால்வை ஒன்றுதான் நினைவில் இருந்தது. குல்ஸாத் ஃபோனில் பேசினாலோ, செஸிம் கட்டிலுக்கடியில் ஒளிந்துகொண்டாள். பிறகு ஃபோனும் நின்றுபோனது. ஆகவே ஜிபாரே சொல்லத் தொடங்கினாள்.

“உங்கம்மா மழை வந்தா பாடுவாங்க. ஏரியில அக்கரை வரைக்கும் நீஞ்சுவாங்க. அவங்க கூப்பிட்டா மேல மேயுற குதிரையெல்லாம் இறங்கி வரும்.”

நாலு வருடம் அந்த அம்மா வளர்ந்தாள். பூ உதிரும் ஒரு காலையில் நிஜ அம்மா வந்து சேர்ந்தாள்.

குல்ஸாத் தோப்பு பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். தரை துடைத்துத் துடைத்துக் கைகள் வெடித்திருந்தன. செஸிம் எட்டவே நின்றாள்.

“மழை வந்தா பாடுவீங்கல்ல?”

“நானா? எனக்குப் பாட்டே வராதே, கண்ணு.”

“நீஞ்சுவீங்கல்ல?”

“தண்ணின்னா பயம்மா எனக்கு.”

செஸிம் பின்வாங்கி ஜிபாரின் பாவாடையைப் பிடித்துக்கொண்டாள். “இவங்க எங்கம்மா இல்ல. வேற யாரோ.”

ஜிபார் பேசவில்லை. பூக்கள் விழுந்துகொண்டிருந்தன, பாவாடையைப் பற்றிய விரல்கள் இறுகின. பேசாமலே இருந்துவிட்டால் போதும், இந்த விரல்கள் இங்கேயே இருந்துவிடும். அந்த நினைப்பு வெந்நீர்போல இதமாக உடம்பெங்கும் பரவியது. பரவியதுமே அவளுக்குப் பயம் வந்தது. மண்டியிட்டாள்.

“பாட்டு, நீச்சல் எல்லாம் நான் கட்டிவிட்டது, செஸிம். உங்கம்மாவ எனக்குத் தெரியவே தெரியாது.”

“குதிரை?”

“அதுவும் பொய்தான்.”

செஸிம் அவளைப் பார்த்த பார்வையை ஜிபார் அதற்குமுன் கண்டதில்லை.

குல்ஸாத் மெதுவாகத் தலைத்துணியை ஒதுக்கினாள். “எங்கிட்ட நிஜமா ஒண்ணு இருக்கு. இந்தக் காதுமடலப் பிடிச்சாத்தான் நீ தூங்குவ. கம்மல் போடவே விடமாட்ட.”

செஸிம் பாவாடையை விட்டுவிட்டு பெஞ்சருகே வந்தாள். பிறகு, சுடுமோ என்று பார்ப்பவள்போல இரண்டு விரல் நீட்டி, அந்த மடலைத் தொட்டாள். விட்டாள். மறுபடி பிடித்து உருட்டினாள். விரல்களுக்கு ஏதோ தெரிந்திருந்தது. அவளுடைய கண்கள் சொக்கின.

குல்ஸாத் சாகினின் வீட்டில் தங்கிக்கொண்டு தினமும் வந்தாள். ஒருநாள் செஸிமே தன் துணிகளை மூட்டை கட்டினாள்.

வேன் வந்து நின்றது. படி உயரமாக இருந்தது. செஸிம் வழக்கம்போல ஜிபாரிடம் திரும்பி இரண்டு கைகளையும் தூக்கினாள்.

“அம்மா தூக்குவாங்க,” என்றாள் ஜிபார்.

குல்ஸாத் தூக்கினாள். வேன் கிளம்பியது. தானாக நீளப் பார்த்த கைகளை ஜிபார் மேலங்கியின் பைகளுக்குள் திணித்துக்கொண்டு நின்றாள். புழுதி அடங்கியபோது, ஒரு பையின் அடித்தையல் பிரிந்து, அவளுடைய சுண்டுவிரல் வெளியே எட்டிப் பார்த்தது.