டச்சுக்காரரின் நீட்டிய கை

சின்ன வயதில் நான் படித்த ஒரு சிறுவர் படப் பத்திரிகையின் வரலாற்றை எழுதித் தருகிறேன் என்று நான் ஒத்துக்கொண்டது வெறும் திமிரால்தான். முப்பது வருடம் அச்சகத்தில் பிழை திருத்தியவள் நான். அடுத்தவர் எழுத்தில் குற்றம் கண்டுபிடித்தே ஓய்வு பெற்றவள். நாலு நூலகம் ஏறி இறங்கினால் எல்லா இதழும் கிடைத்துவிடும் என்று நினைத்தேன். கடைசி இதழைத் தவிர எல்லாம் கிடைத்தன.

அந்தக் கடைசி இதழ் என்னைவிட அதன் ஓவியருக்குத்தான் அதிகம் தேவைப்பட்டது. அவருக்குத் தொண்ணூறு நெருங்கிக்கொண்டிருந்தது. மாம்பலத்தில் மகள் வீட்டு முன்னறையில் படுத்தே இருப்பார். பழவேற்காட்டில் டச்சுக்காரர்கள் கோட்டை கட்டிக்கொண்டு இருந்த காலத்தில் நடக்கும் படத்தொடர் ஒன்றை அவர் இரண்டு வருடம் வரைந்திருந்தார். அதில் வரும் டச்சு அதிகாரி, ஊருக்குத் திரும்பக் கப்பல் வராதா என்று வாரம் தவறாமல் கடலைப் பார்த்துக்கொண்டு நிற்பான். வாசகர்களான நாங்களும் அவனோடு நின்றோம். பத்திரிகையை மூடப்போகிறார்கள் என்று தெரிந்ததும் ஓவியர் ஒரே மூச்சில் முடிவை வரைந்து கொடுத்துவிட்டு டைபாய்டு வந்து படுத்துவிட்டார். அச்சான இதழை அவர் பார்க்கவே இல்லை. என்ன வரைந்தோம் என்பதும் காலப்போக்கில் மறந்துவிட்டது.

"அவனை ஊருக்கு அனுப்பினேனா இல்லியாம்மா?" என்பார், நான் போகும்போதெல்லாம். இரண்டு வருடம் ஒரு மனுஷனை வெயிலில் நிற்க வைத்துவிட்டு அப்படியே விட்டுவிட்டேனோ என்று புலம்புகிறார், சரியாகத் தூங்குவதில்லை என்று மகள் சொன்னாள். எனக்கு அவர்மேல் பாவமாகவும் இருந்தது, அந்த அதிகாரிமேல் கோபமாகவும் இருந்தது.

இதழ் தேவை என்று ஒரு சிற்றிதழில் அறிவிப்புக் கொடுத்தேன். ஒரு மாதம் கழித்துப் பழவேற்காடு ஏரிக்கரையிலிருந்து கடிதம் வந்தது. கீழே கிராம சபையின் முத்திரை. "தாங்கள் குறிப்பிடும் ஆவணம் எங்கள் வசம் உள்ளது. நேரில் வரவும். போட்டோ எடுக்க அனுமதி இல்லை." சின்னப் பிள்ளைகளின் பத்திரிகையை ஆவணம் என்று சொன்ன முதல் ஆட்கள் அவர்கள்தான். நான்கூட அதுவரை அப்படிச் சொல்லத் துணிந்ததில்லை.

பொன்னேரியில் பஸ் மாறிப் போய்ச் சேர்ந்தேன். அம்மன் நகைகள் இருக்கும் இரும்புப் பெட்டியில்தான் ஆவணமும் இருந்தது. வீட்டுக்கு ஒருவர் வந்து சபை கூடினால்தான் பெட்டியைத் திறப்பார்களாம். அன்று யாரும் தொழிலுக்குப் போகாத நாள் என்பதால் கூடிவிட்டார்கள். தலைவர் கற்பூரம் காட்டித் திறந்தார். நகைக்கு அடியிலிருந்து பிளாஸ்டிக் உறை போட்ட ஒரே ஒரு தாள் வெளியே வந்தது. மற்ற பக்கங்கள் எங்கே என்று கேட்டேன். அதிலெல்லாம் விடுகதையும் கப்பல் படமும்தான் இருந்தது, கருவாடு கட்டப் போய்விட்டது என்றார்கள்.

அந்தக் கப்பலில் அதிகாரி ஏறினானா என்று கேட்டேன், யாருக்கும் நினைவில்லை. போனது கடைசிப் பக்கம்தான்.

இருந்த தாளில் அந்த அதிகாரி படகில் நின்று கையை நீட்டிக்கொண்டிருந்தான். "இனி இதுதான் உங்கள் எல்லை. சண்டை போடாதீர்கள்!" என்று அவன் தலைக்கு மேல் எழுதியிருந்தது. ஏரியில் வலை கட்டும் இடத்தைப் பாடு என்பார்கள். எந்தப் பாடு எந்த ஊருக்கு என்பதில் இவர்களுக்கும் பக்கத்து ஊருக்கும் வெகுநாள் தகராறு. யாரோ ஒருவர் பஸ்ஸில் படிக்க வாங்கிய பத்திரிகையில் இந்தப் படத்தைப் பார்த்து, டச்சுக்காரனே எங்களுக்குத்தான் கொடுத்திருக்கிறான் என்று காட்டியிருக்கிறார். இது பிள்ளைகள் படிக்கும் கதை என்று பக்கத்து ஊர்க்காரர்கள் சொல்லியிருந்தால் விஷயம் அன்றே முடிந்திருக்கும். அவர்களோ படத்தை உற்றுப் பார்த்துவிட்டு, கை எங்கள் பக்கம் அல்லவா நீள்கிறது என்று சொல்லிவிட்டார்கள். அந்த நிமிடமே அது இரண்டு ஊருக்கும் ஆவணமாகிவிட்டது.

எனக்குள் இருந்த பிழை திருத்துபவள் சும்மா இருக்கவில்லை. படத்தில் அவனுக்குப் பின்னால் தெரிகிறதே, டச்சுக்காரர் காலத்தில் இந்தக் கலங்கரை விளக்கம் ஏது என்று கேட்டேன். அதிகாரி கையில் வாட்ச் கட்டியிருப்பதையும் காட்டினேன். சபை என்னை இரக்கத்தோடு பார்த்தது.

"வெள்ளக்காரன் கையில வாட்ச் இல்லாம இன்னாம்மா இருக்கும்?" என்றார் தலைவர்.

தகராறு திசையில்தான். ஏரியிலிருந்து பார்த்து வரைந்த படம் என்றால் கை வடக்கே போகிறது, கடலிலிருந்து பார்த்து வரைந்தது என்றால் தெற்கே போகிறது. வரைந்தவர் உயிரோடு இருக்கிறார் என்று நான் சொன்னதும் சபையில் பெரிய சலசலப்பு. எந்தத் திசை என்று அவரையே கேட்டு வந்து சொல்லும்படி என்னிடம் முறைப்படி வெற்றிலை பாக்கு வைத்துக் கொடுத்தார்கள். டச்சு வரலாற்றை எழுதியவர்களில் யாருக்கும் இப்படி ஒரு பொறுப்பு வந்திருக்காது என்று எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன்.

பஸ் ஏற்றிவிட வந்த தலைவர் என்னைத் தனியே அழைத்துப் போனார்.

"அவரு இன்னா சொன்னாலும் நீங்க அவசரப்பட்டு வந்து சொல்லிடாதீங்கம்மா. சபையில கேக்காம இருக்க முடியாது, கேட்டோம். திசை தெரியாத வரிக்கும் அந்தப் பாடு எடத்துல ஒரு நாள் நாங்க, ஒரு நாள் அவங்கனு வலை கட்றோம். தெரிஞ்சிட்ச்சுனா ஒரு ஊரு பட்டினிதான். எங்க ஊராவே இருந்துட்டா?"

சபைக்கு நான் இன்றுவரை பதில் சொல்லவில்லை. இங்கே ஊரின் பெயரை எழுதாததும் அதனால்தான்.

மறுநாள் மாம்பலம் போனேன். கடைசிப் பக்கம் இல்லை என்பதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் முதலில் படத்தில் அதிகாரியின் கை எந்தத் திசையில் நீள்கிறது என்று கேட்டேன். ஓவியர் யோசித்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார். இருமல் வந்து மகள் தண்ணீர் கொடுக்கும்வரை நிறுத்தவில்லை.

"அது என் மச்சினன்மா. பாத்து வரைய ஆள் கிடைக்கல, அவனை நிக்க வெச்சேன். கையை நீட்டுடான்னா ஒழுங்காவே நீட்டல. உள்ளேருந்து காபி வந்தது பாரு, டம்ளரை வாங்க அழகா நீட்டினான். அப்படியே போட்டுட்டேன். வாட்ச் அவனோடதுதான்."

பழவேற்காட்டை அவர் வாழ்க்கையில் பார்த்ததே இல்லையாம். கலங்கரை விளக்கம் ஏதோ காலண்டரில் இருந்ததாம்.

பிறகு சொல்லிவிட்டேன். கடைசிப் பக்கம் போய்விட்டது, அவன் கப்பல் ஏறினானா என்பது இனி யாருக்கும் தெரியாது என்றேன்.  அவர் கூரையைப் பார்த்தபடி கேட்டார்.

"அந்தத் தாளை எங்க வெச்சிருக்கானு சொன்னே?"

"அம்மன் நகை இருக்கிற பெட்டியிலங்க."

"சண்டை வந்தா?"

"எடுத்து நடுவுல வெச்சுப் பேசுவாங்களாம். ரெண்டு ஊரும் அந்த அதிகாரி கைக்குக் கட்டுப்படுது. திசைதான் ஒத்துவரல."

"அப்ப அவன் ஊருக்குப் போகலம்மா," என்றார் அவர். "அங்கயே வேலை கிடைச்சுடுச்சு."

அன்று மத்தியானம் அவர் நன்றாகத் தூங்கினார் என்று மகள் போன் செய்தாள். அதற்குப் பிறகு நான் போனபோதெல்லாம் அந்தக் கேள்வியை அவர் கேட்கவே இல்லை.