லாட்ஜ்காரர் வீட்டுக்குப் போன கறுப்பி

எங்கள் அக்காவுக்கு மன்னிக்கத் தெரியாது. அதை ஒரு குறையாக யாராவது சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

தீவின் படகுத்துறையில் டிக்கெட் கொடுக்கிற வேலை அவளுக்கு. கூண்டு மாதிரி ஓர் அறை, கடகடக்கும் மின்விசிறி, காலடியில் எப்போதும் இரண்டு மூன்று தெருநாய்கள். புண்ணை ஆற்றி, ஊசி போட்டு, அக்கரையில் வீடு பார்த்துக் காலைப் படகில் அனுப்புவாள். எடுக்கிறவர்கள் ஒரு தாளில் கையெழுத்துப் போட வேண்டும்: சொல்லாமல் கொள்ளாமல் வந்து பார்ப்பேன், கதவைத் திறக்க வேண்டும், விலா எலும்பு தெரிந்தால் கையோடு கூட்டிப் போய்விடுவேன். "பொண்ணு கொடுக்கிறவங்ககூட இவ்வளவு விசாரிக்க மாட்டாங்க தாயே" என்று படகோட்டி கேலி செய்வார்.

மூன்று வருடத்துக்கு முன், துறைக்கு எதிரே இருக்கும் லாட்ஜ்காரர், தங்க வருபவர்களைப் பார்த்துக் குரைக்கின்றன என்று பத்து நாய்களைப் பிடித்து, ஆள் வைத்து மணல்திட்டில் இறக்கிவிட்டார். நீர் ஏறினால் முழுகிப்போகும் திட்டு. தெரிந்தேதான் செய்தார், படுபாவி. இவருக்கு மரியாதை கொடுத்து எழுதுவதே எனக்குக் கசக்கிறது.

கொண்டுபோன ஆள் மனசு கேட்காமல் படகோட்டியிடம் உளறினான். அக்காவும் படகோட்டியும் விழுந்தடித்துப் போனபோது, கழுத்தளவுத் தண்ணீரில் திட்டில் நட்டிருந்த கம்பத்தில் முன்னங்கால்களைப் போட்டுக்கொண்டு ஒரே ஒரு கறுப்பு நாய் நின்றது. மற்ற ஒன்பதையும் காணோம். போலீஸில் சாட்சி கேட்டார்கள். உளறியவன் மறுநாளே தீவைக் காலி செய்திருந்தான்.

கம்பத்தில் ஒட்டியிருந்த சிப்பி கிழித்த கால் அழுகி, அதை எடுக்க வேண்டியதாயிற்று. மூன்று கால் நாயை யார் எடுப்பார்கள்? டிக்கெட் அறையின் ஈரத்தரையில் கறுப்பிக்கு மூட்டு வலி முற்றியது. சாவதற்குள் அதற்கு ஒரு வீடு கிடைக்குமா என்பதே அக்காவின் ஒரே கவலையாக இருந்தது.

போன மாதம் படகுக்குக் காத்திருந்த ஓர் அம்மா கறுப்பியின் தலையைத் தடவி, "இதை எனக்குத் தர்றீங்களா?" என்றார். லாட்ஜ்காரரின் மனைவி! புருஷன் செய்தது அவருக்குத் தெரியாது, பாவம்.

"உனக்கென்ன பைத்தியமா? கொன்னவன் வீட்டுக்கா அனுப்பப் போற?" என்று அக்காவிடம் கத்தினேன்.

"காய்ஞ்ச தரை, மடியில போட்டுக்கிற பொம்பளை. கறுப்பிக்கு வேற என்ன வேணும்? அந்தம்மா இருக்கிறவரைக்கும் அவன் கை நீளாது. எனக்கும் அந்த வீட்ல ஒரு வேலை இருக்கு."

புருஷன் கையெழுத்தும் வேண்டும் என்று சொல்லிவிட்டாள். வந்தார். கறுப்பியைப் பார்த்ததும் முகத்தில் ஈயாடவில்லை. மனைவி பேனாவை நீட்ட, கையெழுத்துப் போட்டார். அப்பாடா, என் வயிறு குளிர்ந்தது.

இப்போது ஞாயிறுதோறும் அக்கா அந்த வீட்டு மணியை அடிக்கிறாள். கதவைத் திறப்பதும், கறுப்பியின் தட்டைக் கழுவிக் காட்டுவதும் லாட்ஜ்காரர்தான். அவர் கூடத்துக்குள் வந்தால் கறுப்பி எழுந்து அடுத்த அறைக்குப் போய்விடுகிறது. "உங்களை மட்டும் ஏன் இதுக்குப் பிடிக்கல?" என்று மனைவி கேட்டபடியே இருக்கிறாராம்.

போன வாரம் நானும் போனேன். வாசலில் லாட்ஜ்காரர் குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "இன்னும் எத்தனை நாளும்மா வருவீங்க? அவகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க."

"நான் சொல்ல மாட்டேன் சார். ஒன்பது செத்துச்சு. ஒண்ணுக்கு ஒரு வருஷம் வருவேன்."

"இது கிழட்டு நாய். அவ்வளவு நாள் தாங்காதே."

"இது போனா அடுத்ததைக் கூட்டிட்டு வர்றேன்" என்றாள் அக்கா. "தட்டைக் கொண்டாங்க, பார்ப்போம்."